எங்கே கூப்பிட்டாலும் வருவேன்

போன் அடித்தது.

எடுக்க வேண்டியவள் ஸ்டியரிங் மேல் தலை சாய்த்துச் செத்துக் கிடந்தாள்!

ஃப்ரெஸ்னோவுக்கு மேற்கே ஒரு பாதாம் தோப்பு. வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணி. டிடெக்டிவ் ரெனாட்டா கிரோஸ் கையுறை மாட்டிய கையால் அந்த போனை எடுத்தாள்.

"ஹலோ... நோட்டரி அம்மாங்களா?" வயதான ஆண் குரல். "இன்டர்நெட்ல உங்க விளம்பரம் பார்த்தேன். எங்கே கூப்பிட்டாலும் வருவேன்னு போட்டிருக்கீங்க. இன்னிக்கு வீட்டுக்கு வர முடியுமா?"

ரெனாட்டா பிணத்தைப் பார்த்தாள்.

"இன்னிக்கு முடியாதுங்க" என்றாள்.

செத்தவள் ஒஃபீலியா பாரியோஸ், நாற்பத்தேழு வயது. பத்தொன்பது வருஷம் வங்கிக் கவுன்ட்டரில் இருந்தவள். கிளையை மூடியதும் நோட்டரி உரிமம் வாங்கினாள். இலவச விளம்பரத் தளத்தில் விளம்பரம் போட்டு, கூப்பிட்டவர்களிடம் காரில் போய், கையெழுத்தைப் பார்த்து முத்திரை குத்துவாள்.

"மேடம், கதவைப் பாருங்க!" என்றார் டெபுடி ஹாலிஸ்.

கார்க் கதவில் கறுப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை.

கலிஃபோர்னியாவில் வீட்டுப் பத்திரம் என்றால் நோட்டரியின் பதிவேட்டில் விரல் மை வைத்தே ஆக வேண்டும். வைத்தவன் அவளைக் கொன்றான். பதிவேட்டைத் திருடினான். விரலைத் துடைக்க மட்டும் மறந்துவிட்டான்.

அறிவாளி!

இரவெல்லாம் தேடிய கணவன் ஆன்செல்மோ, இடுப்பில் கவுன்ட்டி நூலகத்தின் சாவிக்கொத்து குலுங்க ஓடி வந்தான். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் மண்ணில் உட்கார்ந்துவிட்டான். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

மறுநாள் மத்தியானம் டேல் ரட் விலங்கோடு உட்கார்ந்திருந்தான். ஏற்கெனவே ஜெயில் பார்த்தவன், ரேகை உடனே பொருந்திவிட்டது.

"மாமா வீட்டை என் பேருக்கு மாத்தணும். மாமா மாதிரி நானே கையெழுத்துப் போட்டேன். விரலும் வெச்சேன். அப்புறம்தான் நான் கொடுத்த மாமாவோட டிரைவிங் லைசென்ஸை வெயில்ல தூக்கிப் பார்த்தா. 'இது நீங்க இல்லையே'ன்னா..."

"ஊர்ல இத்தனை நோட்டரி இருக்க, இவளை ஏன்டா கூப்பிட்டே?"

"ஏழு பேருக்கு போன் பண்ணேன். ஏழு பேரும் பேங்குக்கு வா, கேமரா இருக்கிற இடத்துக்கு வான்னாங்க. இவ ஒருத்திதான் தோப்புக்கே வரேன்னா."

கேஸ் முடிந்தது என்று ஷெரிஃப் கை குலுக்கினார்.

அவர் கையை இன்னும் விடவில்லை... கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். இட்செல், செத்தவளின் ஒரே மகள். நர்ஸ் படிப்பில் கடைசி வருஷம். கையில் அம்மாவின் லேப்டாப்.

"படிங்க மேடம். அம்மாவோட முதல் விளம்பரம்."

'வங்கி, காபி கடை போன்ற பொது இடங்களில் மட்டும் சந்திப்பேன்.'

"இது கடைசி. புதன்கிழமை போட்டது."

'எங்கே கூப்பிட்டாலும் வருவேன்.'

"ஏன் மாத்தினாங்க?"

"எட்டு மாசத்துல நூத்திப் பன்னிரண்டு தடவை போட்டாங்க. நூத்திப் பதினொரு தடவை யாரோ கொடியை அமுக்கித் தூக்கிட்டான்!"

அந்தத் தளத்தில் ஒவ்வொரு விளம்பரத்தின் பக்கத்திலும் சின்னதாக ஒரு கொடி இருக்கும். பிடிக்காதவர் யாரும் அமுக்கலாம். நாலைந்து கம்ப்யூட்டரிலிருந்து அமுக்கினால் விளம்பரம் காலி. அமுக்கியவர் பேரைத் தளம் சொல்லாது.

"போன் வர்றதே நின்னு போச்சு. அதான் அந்த வரியை எடுத்தாங்க." இட்செல் லேப்டாப்பைப் படாரென்று மூடினாள். "அது வென்டல் டட்டில்தான். அவரும் நோட்டரி, அதே பக்கத்துல விளம்பரம் போடறவர். உள்ள தள்ளுங்க!"

"பட்டன் அமுக்கினா உள்ள தள்ள சட்டம் இல்லையேம்மா."

"அப்ப நான் பார்த்துக்கறேன்."

பார்த்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை வென்டலின் கார்க் கண்ணாடி சுக்குநூறு! விளம்பரப் பக்கம் முழுக்க, 'ஒஃபீலியா சாவுக்கு இவர்தான் காரணம்' என்று அவர் படம்.

அறுபத்தாறு வயது வென்டல், கழுத்தில் போ டை கோணலாக, ரெனாட்டா முன்னால் உட்கார்ந்தார்.

"கொடி அமுக்கறது எங்க தொழில்ல சகஜம் மேடம். எனக்கும் விழுந்திருக்கு. நானும் ஒண்ணு ரெண்டு பேருக்கு அமுக்கியிருக்கேன், பொய் சொல்லல. ஆனா ஒஃபீலியாவுக்கா? என் மை காஞ்சு போன அன்னிக்குத் தன் மையைக் கொடுத்துட்டுப் போனவ!"

"கண்ணாடிக்குப் புகார் தரீங்களா?"

"தந்தா அந்தப் பொண்ணுக்கு நர்ஸ் வேலை கிடைக்குமா?"

"கஷ்டம்."

"அப்ப அமுக்கினவன் நான் இல்லேன்னு யாராவது சத்தியம் பண்ணி எழுதிக் கொடுக்கட்டும். இல்லேன்னா நாளைக்குப் புகார்தான். எனக்கும் இந்த ஊர்ல மூஞ்சி வேணுமே."

கொலைக் கேஸைக் காட்டி ரெனாட்டா வெள்ளிக்கிழமையே வாங்கியிருந்த கோர்ட் உத்தரவின் பேரில், கொடி அமுக்கியவர்களின் பட்டியல் அன்று சாயங்காலமே தளத்திலிருந்து வந்து சேர்ந்தது.

நூற்றுப் பதினொரு தடவையும் அமுக்கியது கவுன்ட்டி நூலகத்தின் கம்ப்யூட்டர்களிலிருந்து!

வென்டல் தன் வாடிக்கைக்காரர்களைச் சந்திப்பதே அந்த நூலகத்து மேஜையில்தான். ரெனாட்டா கார் சாவியை எடுத்தாள்... நேரத்தைப் பார்த்தாள்... சாவியைக் கீழே வைத்தாள்.

எல்லாமே காலை எட்டு பத்து. நூலகம் திறப்பது பத்து மணிக்கு.

மறுநாள் எட்டு மணிக்குப் பூட்டிய கண்ணாடிக் கதவைத் தட்டினாள். சாவிக்கொத்தோடு வந்து திறந்தான்...

ஆன்செல்மோ!

அவன் பின்னால் எட்டு கம்ப்யூட்டர்கள் வரிசையாக விழித்துக்கொண்டிருந்தன.

"எப்ப வருவீங்கன்னு பார்த்துட்டே இருந்தேன் மேடம்."

"ஏன் ஆன்செல்மோ?"

"பயம். ஒருத்தன் பேங்க் வாசல்லேர்ந்து எங்க வீடு வரைக்கும் அவ கார் பின்னாலயே வந்தான். இந்த வேலையை விட்டுடுன்னேன். சிரிச்சா. 'இத்தனை வருஷம் பேங்க் பேரைக் குத்தினேன், இப்பதான் முத்திரையில என் பேரு இருக்கு'ன்னா. போன் வரலேன்னா அவளே வேலையை விட்டுடுவான்னு நினைச்சேன்..."

"விடல."

"சாயங்காலம் அழுவா. 'ஊர்ல யாருக்கோ என்னைப் பிடிக்கல ஆன்செல்மோ'ம்பா. நான் கண்ணைத் துடைச்சு காபி போட்டுக் கொடுப்பேன். காலைல இங்க வந்து..." பின்னால் இருந்த கம்ப்யூட்டர்களைக் காட்டினான். "புதன்கிழமையும் அமுக்கினேன். பத்து மணிக்கு அவ புதுசா போட்டா. அந்த வரியோட."

இருபது வருஷ போலீஸ் வேலையில் ரெனாட்டா எத்தனையோ கொலைகாரர்களைப் பார்த்திருக்கிறாள். இவனைப் பார்க்கத்தான் அவளால் முடியவில்லை.

"என்னைப் பிடிச்சுட்டுப் போங்க மேடம்."

"முடியாது. சட்டத்துல இடமில்ல. ஆனா உங்க பொண்ணு செய்யாதவர் கண்ணாடியை உடைச்சிருக்கா. அவ படிப்பு இப்ப உங்க வாயிலதான் இருக்கு."

பத்தரை மணிக்கு ரெனாட்டாவின் அறையில் நாலு பேர்.

ஆன்செல்மோ மகளிடம் தானே சொன்னான், ஒன்றையும் மறைக்காமல். இட்செல் அப்பாவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு வென்டல் பக்கம் திரும்பினாள். "மன்னிச்சிடுங்க சார்."

"கண்ணாடிதானேம்மா, போட்டுக்கலாம்" என்றார் வென்டல். அழுதுகொண்டே.

ஆன்செல்மோ நடந்ததை ஒரு காகிதத்தில் எழுதி முடித்தான். "நீங்களே முத்திரை குத்துங்க சார்."

"கூடாதுப்பா. இது என்னைக் காப்பாத்தற காகிதம். இதுல நான் குத்தினா செல்லாது. வேற நோட்டரியைக் கூப்பிடணும்."

இட்செல் பழக்க தோஷத்தில் போனை எடுத்து அந்தத் தளத்தைத் திறந்தாள். 'நோட்டரி' என்று தேடினாள்.

முதல் வரியில் அம்மா!

'ஒஃபீலியா பாரியோஸ். எங்கே கூப்பிட்டாலும் வருவேன்.'

ஐந்து நாளாகத் தினமும் அதை மேலே ஏற்றி வைத்தது இட்செல்தான். அம்மா பெயர் அங்கேயாவது இருக்கட்டுமே என்று. எட்டு மாதத்தில் முதல் தடவையாக யாரும் அதைத் தொடவில்லை.

மேஜை மேல், சாட்சிப் பொருள் பைக்குள், ஒஃபீலியாவின் போன் அடித்தது. யாரோ அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அடித்து அடித்து ஓய்ந்தது.

இட்செல் தன் போனை அப்பாவின் முன்னால் வைத்தாள். கொடியைக் காட்டினாள்.

"போடறது அம்மா வேலை. தூக்கறது உங்க வேலை. அமுக்குங்கப்பா... மணி எட்டு பத்து இல்லையேன்னு பார்க்கறீங்களா?"