அந்திப் பக்கத்துப் பட்டை

கண்ணாடிக்கூண்டுக்குள் யாரோ மூன்று முறை தட்டினார்கள். டொக், டொக், டொக். செர்வா திரும்பிப் பார்த்தாள். உள்ளே ஒரு குடுவை, அதன் அடியில் அவள் செய்த வெள்ளைப் படிகம், அவ்வளவுதான். ஆனால் ஆய்வகத்து ரசாயன நெடியையும் மீறி, அப்போதுதான் உரித்த மரப்பட்டையின் பச்சை வாசனை அறை முழுக்கப் பரவி, மூக்கில் ஏறி, தொண்டையில் போய்க் கசந்தது. மரப்பட்டை என்று எதுவும் இந்த அறைக்குள் வந்தே மூன்று வருஷமாகிவிட்டது.

மூன்று வருஷம்! மலேரியாவை முறிக்கும் ஒரு காட்டுமரப் பட்டையின் மருந்துச் சரக்கை, மரத்தைத் தொடாமல், புட்டி ரசாயனங்களைக் கொண்டே இருபத்தாறு படிகளில் கட்டியிருக்கிறாள். எடை சரி, உருகுநிலை சரி. இன்று கடைசிச் சோதனையில்தான் குட்டு உடைந்தது. ஒளியை வலப்பக்கம் திருப்ப வேண்டிய படிகம் இடப்பக்கம் திருப்பியது. முதல் நாள் அலமாரியிலிருந்து எடுத்த புட்டியே தவறு. வலக்கைக்கு இடக்கை போல, மரத்தின் மருந்துக்குக் கண்ணாடி பிம்பம் ஒன்றைச் செய்து வைத்திருக்கிறாள்.

"கொட்டிடுடி," என்றாள் கூட வேலை செய்யும் மன்சா, பையை மாட்டிக்கொண்டே. "பட்டை எடுக்கறவங்க சொல்வாங்கல்ல? சூரியன் உதிக்கிற பக்கம் நமக்கு, மறையற பக்கம் மரத்துக்குன்னு. நீ மரத்தோட பக்கத்தைச் செஞ்சு வச்சிருக்கே."

"ஆமா, மரம் வந்து கேஸ் போடப்போகுதாக்கும்! உலகத்துல யாருமே செய்யாததுடி இது. நாளைக்கு புரொபசர் முன்னாடி இதை வைக்கலேன்னா என் இடம் போச்சு. கொட்ட மாட்டேன்."

"பட்டாத்தான் தெரியும் உனக்கு. வீட்டுல சோள மாவுக் கென்கே உருண்டை ஆறிடும், நான் சாப்பிடப் போறேன்."

கதவு சாத்திக்கொண்டது. குமாசி நகரத்தில் வீசும் ஹார்மட்டான் பாலைக்காற்றின் தூசியில் மேற்கு ஜன்னல் சிவந்து கிடந்தது.

டொக், டொக், டொக்.

இப்போது மேசைக்கடியில். அந்தத் தட்டு அவளுக்குத் தெரியும். கத்தி வைக்குமுன் மரத்திடம் அனுமதி கேட்கிற தட்டு. பட்டை எடுக்கப் போன காட்டில் அவளும் தட்டியிருக்கிறாள். மூன்றாவது தட்டோடு கத்தியை இறக்கியும் இருக்கிறாள். மரத்தின் பதிலுக்கு யார் காத்திருப்பார்கள்?

ஜன்னல் பக்கம் இருந்த இடக்கை அரித்தது. பார்த்தாள். தோல் கறுத்து, தடித்து, வெடித்திருந்தது. பட்டை. ஆனாலும் குடுவையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"எவனா இருந்தாலும் சரி, இது நான் செஞ்சது. தரமாட்டேன்!"

அவள் முதுகில் தட்டு விழுந்தது.

டொக்.

மரத்தில் தட்டிய ஓசை.

டொக்.

"முடியாது! அனுமதி கிடையாது!"

டொக்.

யாரும் காத்திருக்கவில்லை. இடது தோளில் கத்தி இறங்கியது, மேலிருந்து கீழாக, ஒரே இழுப்பில்.