மேலால் இறங்கிய திரை

டிரிங்... டிரிங்...!

கிளிநொச்சிக் கடையில், ஏணியில் நின்றபடியே போனைக் காதில் வைத்தான் சிவகரன்.

ஜன்னல் திரை பூட்டுவது அவன் தொழில். விசிறிபோல மடிந்து, நூலை இழுத்தால் மேலே ஏறுகிற துணித்திரை.

"தம்பி, உடையார்கட்டு கிருசாந்தன் கதைக்கிறன். மேல்மாடி அறைத் திரை ஏறுதில்லை. வந்து பாருங்கோ."

"நாளைக்கு வாறன் அண்ணை..."

"இல்லை! இண்டைக்கு!"

போன் கட்டானது.

கிருசாந்தன்! கனடாவிலிருந்து வந்து புது வீடு கட்டியவன். இன்னும் கலியாணம் ஆகாதவன். துணி தெரிவு செய்யக் கடைக்கு வந்த அன்று, சிவகரனின் மனைவி தேனுகா தேத்தண்ணி கொடுத்து, அவன் சொன்ன பகிடிக்கு வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு சிவகரனின் நெஞ்சில் இன்னும் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது.

அந்த வீட்டுக்குத் திரும்பிப் போக அவனுக்கு விருப்பமில்லை. அதற்கு வேறொரு காரணமும் இருந்தது. பொறுங்கள், வரும்!

தேனுகாவுக்கு அழைத்தான். பதில் இல்லை.

மறுபடி... பதில் இல்லை!

விசுவமடுவில் இருக்கும் தமக்கை வீட்டுக்குப் போவதாகத்தானே காலையில் சொன்னாள்? தமக்கைக்கு அழைத்தான்.

"தேனுவோ? இஞ்ச வரேல்லையே தம்பி!"

பைக் பரந்தன் சந்தியைத் தாண்டிப் பறந்தது. விசுவமடுவில் அவன் நிற்கவே இல்லை.

உடையார்கட்டு வீட்டு வாசலில் பைக்கை நிறுத்தி, அண்ணாந்து பார்த்தான்.

மேல்மாடித் திரை மேலிருந்து இறங்கிக் கிடந்தது. கண்மட்டத்துக்கு!

அவன் பூட்டும் திரையைக் கீழிருந்தும் ஏற்றலாம், மேலிருந்தும் இறக்கலாம். எத்தனை வீட்டில் சொல்லிக் கொடுத்திருப்பான்! எல்லோரும் தலையாட்டிவிட்டு, கீழிருந்து ஏற்றுவதோடு சரி. மேலால் இறக்குகிறவள் வன்னியிலேயே ஒருத்திதான்.

தேனுகா!

அவன் வேலைக்குப் புறப்பட்டதும் திரையை மேலால் கண்மட்டத்துக்கு இறக்கிவிட்டு, பைக் சந்தி திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நிற்பாள். 'என்ர மனுசிக்கு என்னில எவ்வளவு பாசம்!' என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்வான்.

அந்தப் பாசம் இப்போது வேறொருவன் வீட்டு ஜன்னலில்!

கதவைத் திறந்தான் கிருசாந்தன். வாசனைத் திரவியம் மணந்தது.

சிவகரன் ஆளை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் கண்ணால் அளந்தான். ஜன்னலை அப்படித்தான் அளப்பான், குறைந்த அளவையே எடுப்பான். இங்கே எந்த இடத்திலும் குறையவில்லை. அதுதான் கொடுமை!

"வாங்கோ தம்பி. என்ன, இப்பிடி வேர்த்து ஒழுகுது?"

"வெயில்..."

மேசையில் மூன்று தேநீர்க் கோப்பைகள். பொறாமைக்கு இரண்டுக்கு மேல் எண்ணத் தெரியாது.

"மேல ஆர் அண்ணை?"

"ஏன்? ஒருத்தரும் இல்லையே."

பொய்!

ஸ்குரூட்ரைவரைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு படிகளில் பாய்ந்தான். முதலில் அவளா... அவனா...?

கதவை உதைத்தான்!

ஜன்னலோரக் கதிரையில் தேனுகா.

"வாங்கோ. நீங்கள் வரேக்கையே மேலால கண்டிட்டன்."

"அவன்ர வீட்டில என்னடி செய்யிறாய்?"

"அதை நான் கேக்கவேணும்!"

அவள் கட்டிலில் எதையோ வீசினாள்.

தங்கக் காப்பு! சிவப்புக்கல் பதித்தது.

சிவகரன் ஓரடி பின்வாங்கினான்.

"நேற்று எங்கட வீட்டுத் திரை ஏறேல்லை. நூல் ஓடுற மேற்பெட்டியைக் கழட்டினன். உள்ளுக்க இது சிக்கிக் கிடந்தது. ஆருக்கு வாங்கினனீங்கள்?"

"தேனு, அது..."

"ஒரு வீட்டுக்கு அளவெடுக்க ஒருக்காப் போறனீங்கள். இந்த வீட்டுக்கு நாலுதரம்! எனக்குத் தெரியாதெண்டு நினைச்சீங்களோ? ஒவ்வொரு நாளும் திரைக்கு மேலால பாத்துக்கொண்டு நிண்டனான். கடை வலப்பக்கம். நீங்கள் திரும்பினது இடப்பக்கம்!"

அடக் கடவுளே! அது பாசமில்லை... காவல்!

"இஞ்ச எந்தப் பொம்பிளைக்கு இதெண்டு கேக்கத்தான் வந்தனான். சொல்லுங்கோ, ஆர் அவள்?"

"அப்பிடி ஒருத்தியும் இல்லையடி!"

"பொய்! நான் அக்கா வீட்டை போறன். இனி வரமாட்டன்!" அவள் குரல் உடைந்தது. "கிருசாந்தன் அண்ணை எவ்வளவு நல்ல மனுசன்! அவரைப்போல ஒருத்தர் எனக்கு..."

அவ்வளவுதான்! சிவகரனின் தலைக்குள் ஏதோ வெடித்தது.

"நல்ல மனுசனோ? கேளடி! அது அவன்ர அம்மாவின்ர காப்பு! இந்த வீட்டு அலுமாரிக்க இருந்து நான்தான் எடுத்தனான்! அளவெடுக்க வரேக்கையே பின்பக்க ஜன்னல் கொளுக்கியை இளக்கி வச்சனான். பூட்டின திரை அதை மறைச்சுப்போட்டுது. எல்லாரும் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போன அண்டு அதாலதான் உள்ளிட்டனான்! இப்ப நம்புறியோ? எந்தப் பொம்பிளையும் இல்லை!"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள்.

குளியலறைக் கதவு மெல்லத் திறந்தது.

வெளியே வந்தவர் இன்ஸ்பெக்டர் ஜமால்தீன்!

"நல்லாச் சொன்னீங்கள் தம்பி. வீட்டுக்காரர் காப்பைக் கண்டதும் களவு எண்டார். இந்தத் தங்கச்சியோ, 'இல்லவே இல்லை, பொம்பிளை விசயம்தான்' எண்டு ஒற்றைக்கால்ல நிண்டா. ஆர் சொல்லுறது சரியெண்டு எனக்கே குழப்பம். அதுதான் திரை ஏறுதில்லை எண்டு கூப்பிட்டனாங்கள்."

ஸ்குரூட்ரைவர் கீழே விழுந்தது. கையில் விலங்கு ஏறியது.

தேனுகா கண்ணைத் துடைத்தாள். கலியாண வீட்டில்கூட இவ்வளவு மலர்ந்த முகத்தை அவன் கண்டதில்லை.

"அப்ப... உண்மையாவே வேற ஒருத்தியும் இல்லையோ?"

"இல்லையடி!"

"சத்தியமா?"

"விலங்கு போட்டாச்சு! இதைவிட என்ன சத்தியம் வேணும் உனக்கு?"

வீட்டுக்குப் பின்னால் மறைத்து நிறுத்தியிருந்த ஜீப் புறப்பட்டது. தேனுகா பின்னால் ஓடி வந்து கையைக் காட்டி மறித்தாள்.

சிவகரனின் கண் கலங்கியது. என்ன இருந்தாலும் பெண்டாட்டி! தனக்காகக் கெஞ்ச வருகிறாள்.

"இன்ஸ்பெக்டர் ஐயா, ஒரு விசயம் கேக்கலாமோ?"

"கேளுங்கோ தங்கச்சி."

அவள் ஜீப்புக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"உங்கட ஸ்டேஷன்ல பொம்பிளைப் பொலிஸ் எத்தினை பேர்?"