முப்பதோடு நின்ற வரி

நர்ஸ் சின்னம்மை தேவாலாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வெலிங்டனுக்கு வந்திருந்தாள். ராணுவ அலுவலகத்தின் ஆவணப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, இப்போது துப்பறிந்து உதவும் லீலாவதியின் முன்னால் உட்காரவே கூசினாள்.

“எங்க ஆஸ்பத்திரில மருதாம்பாக்கா சாகப் பொழைக்கக் கெடந்து எந்திரிச்சாங்க. நான் எழுதுனதப் பாத்துத்தான் டாக்டர் ஊசி போட்டாராம். ‘போடக்கூடாது’ன்னுதானுங்க எழுதினேன். எம் பொண்ணே நம்ப மாட்டேங்கறா.”

எஸ்டேட் ஆஸ்பத்திரி அவளை வேலையிலிருந்து நிறுத்தியபோது கொடுத்த, கணினியில் அவள் அடித்த குறிப்புகளின் அச்சுத்தாளை நீட்டினாள். மருதாம்பாளின் பெயருக்கு நேரே ‘காய்ச்சலுக்குப் பென்சிலின் ஊசி’ என்று மட்டும் இருந்தது. அதற்குக் கீழே இன்னொருவருக்கு, ‘முட்டை சாப்பிட்டால் உடம்பு அரி’.

லீலாவதி பென்சில் முனையால் இரண்டு வரிகளின் எழுத்துகளையும் நிதானமாக எண்ணினாள்.

மறுநாள் காலை லீலாவதி, சின்னம்மையோடும் பக்கத்து வீட்டு ராஜியோடும் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனாள். லீலாவதியின் துப்பறியும் வேலைக்கெல்லாம் கூட ஓடும் ராஜி, ஆஸ்பத்திரிக் கணினியில் நீளமான ஒரு குறிப்பை அடித்துச் சேமித்தாள். திரும்பத் திறந்தபோது ஓர் எழுத்துகூடக் குறையவில்லை.

“கம்ப்யூட்டர் சரியாத்தான் இருக்குங்கக்கா. அப்ப இவங்கதான்…” ராஜி முடிக்கவில்லை. சின்னம்மை தலையைக் குனிந்துகொண்டாள்.

“இன்னிக்குச் சரியா இருக்கு” என்றாள் லீலாவதி. “டாக்டரையும் மென்பொருள் பார்க்கிறவரையும் வரச்சொல்லு.”

டாக்டர் லிங்கசாமியும், மென்பொருளைக் கவனிக்கும் ஹரிஹரசுதனும் வந்தார்கள்.

“‘அரி’ன்னு பாதி வார்த்தையோட யாரும் நிறுத்த மாட்டாங்க. கொம்பு, புள்ளியெல்லாம் கம்ப்யூட்டருக்குத் தனி எழுத்து. அந்தக் கணக்குல ரெண்டு வரியும் சரியா முப்பதுல நிக்குது. அதுக்கப்புறம் வந்த ‘போடக்கூடாது’ வெட்டுப்பட்டுடுச்சு” என்றாள் லீலாவதி.

லிங்கசாமி திடுக்கிட்டார். “முப்பது பத்தாது, முந்நூறு ஆக்குங்கன்னு மார்ச்லயே சொன்னேனே! ஆச்சுன்னு சொன்னாரே!”

“கட்டளை குடுத்தேன் சார்” என்றான் ஹரிஹரசுதன். “அது ஒரு பிழையும் காட்டல. மாத்திடுச்சுன்னு நினைச்சேன். மாத்தவே இல்ல.”

“அது மென்பொருளோட தப்பு” என்றாள் லீலாவதி. “ஆனா தாள்ல வெட்டுப்பட்ட வரி, இன்னிக்கு வெட்டுப்படல. நடுவுல யாரோ சத்தமில்லாம சரி பண்ணியிருக்காங்க. அதைச் செய்யத் தெரிஞ்சவர் இங்க ஒருத்தர்தான்.”

ஹரிஹரசுதன் நாற்காலியை விட்டு எழுந்தான்.

“ஊசி போட்ட மறுநாளே வரி வெட்டுப்பட்டதைப் பார்த்து, சரி பண்ணிட்டேன். இவங்க அழுதுட்டே படியிறங்கினதையும் ஜன்னல் வழியாப் பார்த்தேன். சொல்ல வாய் வரலைங்க.” காதுவரை சிவந்திருந்தான்.

லிங்கசாமி சின்னம்மையிடம், “நாளைக்கே வேலைக்கு வந்துடும்மா. தப்பு என் மேலயும்தான். உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்” என்றார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை.

“எம் பொண்ணு ஊட்லதான் இருக்கா, சார்” என்றாள் ஹரிஹரசுதனிடம். “இதை அவகிட்ட வந்து சொல்லுங்க.”

தூறலில், தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்கு ஏறும் பாதையில் அவள் முன்னே நடந்தாள். பின்னால் போன ஹரிஹரசுதனுக்கு, அந்தச் சிறுமியிடம் முதல் வார்த்தையாக எதைச் சொல்வதென்று தெரியவில்லை.