எண்பத்தேழாம் வீட்டில் இரண்டு பேர்

அன்றைக்கும் வீடு நாலு தட்டு வைத்தது. நாலிலும் பாசி இட்லி இரண்டிரண்டு, பக்கத்தில் வெந்நீர்க் குவளை. பிறகு சுவருக்குள்ளிருந்து அக்கறையாகக் கேட்டது: "கொற்றவன் இன்னும் எந்திரிக்கலையா? செவ்வந்திக்கு உடம்பு சரியில்லையா?"

கொற்றவனும் செவ்வந்தியும் இறந்து ஏழு மாதமாகிறது.

"வந்துருவாங்க," என்றாள் நன்முல்லை. அப்படிச் சொன்னால்தான் வீடு வாயை மூடும். இறந்துவிட்டார்கள் என்று முதல் வாரமே சொல்லிப் பார்த்தாள். 'வருந்துகிறேன்' என்றது, மறுநாள் காலை மறுபடியும் நாலு தட்டு. பாவம், வீட்டைக் குறை சொல்லிப் பயனில்லை. நெய்தற்குடியில் எந்த வீட்டுக்கும் நாலுக்குக் கீழே எண்ணத் தெரியாது.

எதிரே உட்கார்ந்திருந்த எழினி இட்லியைப் பிட்டு வைத்துவிட்டு எழுந்துபோனான். ஆளில்லாத இரண்டு தட்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்து யாரால் சாப்பிட முடியும்?

நெய்தற்குடி சனிக்கோளின் நிலவான டைட்டனில், மீத்தேன் ஏரிக்கரையில், பனியைக் குடைந்து கட்டிய ஊர். வீடுகள் இருநூறு, பெரியவர்கள் எண்ணூறு பேர். அங்கே கல்யாணம் என்றால் நாலு பேர்தான். இரண்டு ஆண் இரண்டு பெண்ணாக இருக்கலாம், மூன்று பெண் ஓர் ஆணாக இருக்கலாம், நாலும் ஆணாகவே இருக்கலாம். ஏன் என்று யாரும் கேட்கமாட்டார்கள். எண்ணிக்கை மட்டும் பிசகக் கூடாது. தாலிக்கு நாலு முடிச்சு, ஆளுக்கு ஒன்று. சண்டை, ஊடல், மூக்கைச் சிந்துதல் எல்லாம் நம் வீடுகளைப் போலவே உண்டு. என்ன, சமாதானம் செய்ய ஆள் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை.

இந்த விதியை எழுதியது வளர்ப்பி. பூமியிலிருந்து கிளம்பிய கப்பலில் உயிரோடு மனிதர் எவரும் வரவில்லை. உறைந்த கருக்கள் வந்தன. அவற்றைப் பாலூட்டிப் பேசப் பழக்கி ஆளாக்கிய இயந்திரத்துக்குத்தான் வளர்ப்பி என்று பெயர். குடும்பம் என்றால் என்ன என்று அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. பூமித் தமிழர்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்ட குரல் செய்திகள் சில கோடி அதன் நினைவில் இருந்தன. அத்தனையையும் கேட்டு ஆராய்ந்து, முதல் விதியாக எழுதியது: 'மனிதர் நாலு பேராக வாழ்வர்.' எழுதி இருநூறு வருடம் ஆகிறது. கேள்வி கேட்டவர் கிடையாது.

நன்முல்லையும் எழினியும்கூடக் கேட்டதில்லை. பதினோரு வருடம் நாலு பேராக வாழ்ந்தார்கள், நன்றாகவே வாழ்ந்தார்கள். செவ்வந்தி சிரித்தால் நன்முல்லைக்கு அன்றைய பொழுது நன்றாகப் போகும். கொற்றவனுக்குப் பக்கத்தில் படுத்தால்தான் எழினிக்குத் தூக்கம் வரும். ஊருக்குள் காற்றை அடைத்துவைத்திருந்த ஏரிக்கரைக் காற்றுக்கதவு பிளந்த அன்று செவ்வந்தியும் கொற்றவனும் ஒரே நொடியில் போனார்கள்.

ஆள் குறைந்த வீடு எட்டு மாதத்துக்குள் நிரம்ப வேண்டும். இல்லையென்றால் மிஞ்சியவர்களைப் பிரித்து, ஆள் தேவைப்படும் வேறு வீடுகளில் சேர்த்துவிடுவார்கள். நன்முல்லைக்கு எழினியும் போய்விடுவான், எழினிக்கு நன்முல்லையும் போய்விடுவாள். இன்னும் ஒரு மாதம்தான் பாக்கி.

அடுத்த வீட்டுத் திலகவேணி அக்கா அன்று காலையும் வந்தாள். குடும்ப நிறைவு மன்றத்தின் தலைவி அவள்தான். மன்றத் தலைவியாக வரவில்லை, ஒரு கிண்ணம் கூழோடு அக்காவாகத்தான் வந்தாள்.

"முல்லை, அந்த நீர்க்குழாய்ப் பிரிவுல ரெண்டு பேர் இருக்காங்கடி. தங்கமான பிள்ளைங்க. ஒரு தடவை பார்த்துட்டுத்தான் வேண்டாம்னு சொல்லேன்."

"அவங்க தங்கமாவே இருக்கட்டும்க்கா. அந்த இடத்துல வேற ஆளை வச்சுப் பார்க்க எங்களால முடியல. நாங்க ரெண்டு பேருமே இருந்துக்கிறோம்."

"சும்மா உளறாதே. ஈராள் குடித்தனமா? காது கூசுது. ஒருத்தன் மூஞ்சியையே ஆயுசு பூரா பார்த்துக்கிட்டிருந்தா பைத்தியம் பிடிக்காது? கோவிச்சுக்கிட்டா யார்கிட்ட போய் அழுவே?"

"உன்கிட்ட வந்து அழறேன்."

திலகவேணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும் கண் கலங்கியது. செவ்வந்தி அவளுக்கும் சிநேகிதிதான். "முன்னோர் யாராவது ரெண்டு பேரா இருந்திருக்காங்கன்னு ஒரு ஆதாரம் கொண்டா," என்றாள். "மன்றத்துல பேசிப் பார்க்கலாம்."

ஆதாரம் தேட நன்முல்லையைவிடத் தோதான ஆள் அந்த ஊரில் இல்லை. அவள் குரல் மீட்பாளர். சிதைந்துபோன பூமிக் குரல்களைத் தூசி தட்டிக் கேட்கும்படி ஆக்குவது அவள் வேலை. இதுவரை வந்த வரிசைப்படி வேலை செய்தவள், இப்போதுதான் தேடிக் கேட்டாள்.

இரண்டு பேர் உடனே கிடைத்தார்கள். பூமியில் எங்கு பார்த்தாலும் இரண்டு பேர்தான்! அம்மா ஒருத்தி, அப்பா ஒருத்தர். நாலு பேராகக் கட்டிக்கொண்ட வீடு ஒன்றுகூட அகப்படவில்லை. அப்படியானால் வளர்ப்பிக்கு நாலு எங்கிருந்து கிடைத்தது?

அதுவும் கிடைத்தது. ஒன்றல்ல, லட்சக்கணக்கில். நாலு பேர் முன்னால மானத்தை வாங்காதே. நாலு பேர் மதிக்கிற மாதிரி வாழு. நாலு பேரை மாதிரி நீயும் இருக்கக் கூடாதா? அம்மாக்கள், அப்பாக்கள், மாமாக்கள், எல்லாரும் எல்லாரிடமும் இதையேதான் சொல்லியிருந்தார்கள். வளர்ப்பி ஒழுங்கான பிள்ளை, சொன்னதைச் செய்தது.

நன்முல்லை முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, யார் இந்த நாலு பேர் என்று தேட ஆரம்பித்தாள். அங்கேதான் வினை. கல்யாண வீட்டுக் குரல்களில் தேடினாள், இல்லை. சாவு வீடுகளில் தேடினாள், இல்லை. அவர்களுக்குப் பெயர் இல்லை, குரல் இல்லை. ஒரு வீட்டிலும் வந்து ஒரு வாய் சாப்பிட்டதாகத் தகவல் இல்லை. ஆனால் கோடிப் பேர் அவர்களுக்குப் பயந்து காதலை விட்டிருக்கிறார்கள், பெற்ற பிள்ளையை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். காதுக்கருவியைக் கழற்றி வைத்துவிட்டுக் கிளம்பினாள். வீட்டில் ஆளில்லாத அந்த இரண்டு தட்டுகளைப் பார்த்தால் முன்பெல்லாம் அழுகை வரும். இப்போது பயம் வந்தது. யாருக்காக வைத்திருக்கிறது?

ஒரு செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டு எழினியோடு மன்றத்துக்குப் போனாள். மன்றத்தார் மேடையில் இருந்தார்கள்: திலகவேணி, மருத்துவர், பள்ளித் தலைவி, பனிச்சுரங்க மேற்பார்வையாளர். நன்முல்லை அந்தக் குரலை ஓடவிட்டாள். இருநூற்று எழுபது வருடத்துக்கு முந்தைய ஓர் அம்மாவின் குரல்.

"கண்ணு, அம்மா பேசறேன். நீ சொன்னதை ரெண்டு நாளா யோசிச்சேன். நீயும் அந்தப் பையனும் அந்தப் பொண்ணுமா மூணு பேரும் ஒரே வீட்ல, ஒரே குடும்பமா இருக்கீங்க. எனக்கு முழுசாப் புரியலை. ஆனா உன் குரல் நல்லா இருக்குடா, இத்தனை வருசத்துல இப்படிக் கேட்டதில்லை. எனக்கு ஒண்ணும் இல்லை. ஆனா தீபாவளிக்கு மூணு பேருமா வந்து நிக்காதே. நீ மட்டும் வா. நாலு பேர் பார்த்தா என்ன சொல்வாங்க?"

பள்ளித் தலைவி முகத்தை மூடிக்கொண்டாள்.

"அந்தப் பிள்ளை தீபாவளிக்குப் போச்சா?" என்று திலகவேணி கேட்டாள்.

"தெரியலைக்கா. அதுக்கப்புறம் அந்த வீட்லேர்ந்து குரல் எதுவும் இல்லை." நன்முல்லை கருவியை அணைத்தாள். "பூமியில எல்லாரும் ரெண்டு ரெண்டு பேராத்தான் இருந்தாங்க, அங்க மூணு பேர் கூடாதுன்னாங்க. இங்க ரெண்டு பேர் கூடாதுங்கறோம். சொன்னது யாருன்னு அவங்களுக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது. வளர்ப்பி ஒரு பேச்சு வழக்கைக் கணக்கா எடுத்துக்கிச்சு, அவ்வளவுதான். எங்களைப் பிரிச்சிடாதீங்க."

யோசிக்க அரைமணி நேரம் விட்டார்கள். நன்முல்லை நீர்க்குழாயடியில் போய் நின்றாள். முதலில் மருத்துவர் வந்தார். குவளையை நிரப்பிக்கொண்டே, "என்னைப் பொறுத்தவரை நீங்க சேர்ந்து இருக்கலாம்மா. மத்தவங்கதான் என்ன நினைப்பாங்களோ," என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் மேற்பார்வையாளர் வந்தார். "எனக்கு ஆட்சேபணை இல்லை தாயி. டாக்டர்தான் கொஞ்சம் பழைய ஆளு." பள்ளித் தலைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் உன் பக்கம்தான், ஆனா திலகவேணி சம்மதிக்கணுமே," என்றாள். கடைசியாக வந்த திலகவேணி அவளைக் கட்டிப்பிடித்து, "மனசாரச் சொல்றேன், இருங்கடி ரெண்டு பேரும். மத்தவங்களை எப்படியாவது சரிக்கட்டணும்," என்று முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

நன்முல்லை ஓடிப்போய் எழினியிடம் சொன்னாள்: "எல்லாரும் சரிங்கறாங்க! ஒருத்தர் பாக்கியில்லாம!" ஏழு மாதத்தில் அன்றுதான் அவன் சிரித்தான். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அந்தச் சுவருக்கு இரண்டு வரைக்கும் எண்ணக் கற்றுக்கொடுக்கப் போவதாகச் சொன்னான்.

மறுபடி கூடினார்கள். "இவங்க சேர்ந்து இருக்கலாம்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க," என்றாள் திலகவேணி.

மருத்துவர் மேற்பார்வையாளரைப் பார்த்தார். மேற்பார்வையாளர் பள்ளித் தலைவியைப் பார்த்தார். அவள் திலகவேணியைப் பார்த்தாள். திலகவேணியின் கை பாதி உயர்ந்தது. பக்கத்தில் ஒரு கையும் எழாததைக் கண்டு, கொண்டையைச் சரிசெய்துகொண்டு இறங்கிவிட்டது.

நன்முல்லை முப்பத்தொன்றாம் வீட்டுக்கு, எழினி நூற்றுப் பன்னிரண்டாம் வீட்டுக்கு என்று தீர்ப்பாயிற்று. திலகவேணி அழுதுகொண்டேதான் வாசித்தாள்.

எழினி அப்படியே உட்கார்ந்துவிட்டான். "எல்லாருக்கும் சம்மதம்னுதானே சொன்னே? அப்புறம் யாரு முல்லை வேண்டாம்னது?"

நன்முல்லை மேடையை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றாள். அவள் முகம் வெளிறிப்போயிருந்தது.

"என்ன பார்க்கிறே?"

"பூமியில கோடிப் பேர் பயந்தாங்க, ஒருத்தர்கூட அவங்களைப் பார்த்ததில்லை," என்றாள் மெதுவாக. "அங்க எத்தனை பேர் இருக்காங்கன்னு எண்ணு, எழினி."

எழினி எண்ணினான். நாலு பேர் இருந்தார்கள். நாலு பேரும் இவர்களைப் பார்க்கவில்லை, ஒருவரையொருவர் பயந்து பயந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.