பெரட்டு மணியை அடித்தது யார்?

ராக்காயி ஆயாவிடம் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். சோறு தீய்ந்தால் தலையெழுத்து. கருவாட்டைக் காக்கை தூக்கினால் அதுவும் தலையெழுத்து. பாவம், அந்தக் காக்கை எவ்வளவு எளிதாகத் தப்பித்தது பாருங்கள்!

1926ஆம் வருஷம், மார்கழி மாதம். மலாயாவின் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டம். மூன்று நாள் மழைக்குப் பிறகு அன்றுதான் வெயில் வந்தது. பெண்கள் கைக்குழந்தைகளை ஆற்றோரத்து ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டு, மேட்டுக்கு அந்தப் பக்கம் மரங்களைக் கீறி ரப்பர் பால் எடுக்கப் போய்விட்டார்கள்.

ஏழு துணித் தொட்டில்களில் ஏழு பிள்ளைகள். பார்த்துக்கொள்ள ஆயாவும் பத்து வயது இருளாயியும் மட்டும். ஒரு தொட்டிலில் இருளாயியின் தம்பி சன்னாசி தூங்கினான்.

ஆறு கலங்கி ஓடியது. இருளாயி தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டாள். ஒரு பிள்ளைக்குத் துணி மாற்றிவிட்டு வந்து பார்த்தால், குச்சி மூழ்கியிருந்தது. கரையில் பத்தடி தள்ளி இன்னொன்றை நட்டாள். அதுவும் மூழ்கியது.

"ஆயா, தண்ணி ஏறுது!"

"வெயில் அடிக்கையில எப்படிடி ஏறும்?"

"மலையில பேஞ்ச தண்ணி இப்பத்தான் வருது!"

ஆயா எட்டிப் பார்த்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டார். "ஏழு புள்ளைங்க. நாம ரெண்டு பேரு. என்ன செய்ய முடியும்? எல்லாம் தலையெழுத்து."

இருளாயிக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. ஏழு பேரையும் அவளால் தூக்க முடியாது. ஆனால் தூக்க வேண்டியவர்களைக் கூப்பிட முடியுமே!

மேட்டில் பெரட்டுக் களம் இருந்தது. விடியற்காலையில் எல்லாரும் வரிசையாக நின்று பெயர் கொடுக்கும் இடம். அங்கே தொங்கும் தண்டவாளத் துண்டுதான் பெரட்டு மணி. ஆட்களை வேலை வாங்கும் கங்காணியைத் தவிர வேறு யாராவது தொட்டால் பிரம்படி.

"ஆயா, தொட்டிலை எல்லாம் அவுத்து வைங்க. நான் மணி அடிக்கப் போறேன்!"

"வேணாம்டி! கங்காணி தோலை உரிச்சிடுவாரு!"

தம்பியைத் தூக்கிக்கொண்டால் வேகமாக ஓட முடியாது. அவன் தொட்டிலை ஒருமுறை தொட்டுவிட்டு ஓடினாள்.

டங்! டங்! டங்!

யாரும் வரவில்லை. கை வலித்தது. மீண்டும் அடித்தாள். கடைசியில் மரங்களுக்கு நடுவே ஒரு தலை தெரிந்தது. பிறகு பத்துத் தலைகள்.

"இந்நேரத்துல என்னடி பெரட்டு?"

இருளாயி ஆற்றைக் காட்டினாள். அவ்வளவுதான். பால் வாளிகளைப் போட்டுவிட்டுத் தாய்மார்கள் பாய்ந்தார்கள்.

கீழே, முழங்கால் தண்ணீரில் ஆயா நின்றிருந்தார். இடுப்புக்கு ஒன்றாக இரண்டு பிள்ளைகள். மற்ற ஐந்து பேரும் அவிழ்த்த துணிகளோடு கொட்டகையின் உயரமான பலகைமேல் வீறிட்டு அழுதுகொண்டிருந்தார்கள். கடைசிப் பிள்ளை மேட்டுக்கு வந்தபோது பலகையும் மூழ்கிவிட்டது.

ராமையா கங்காணி பிரம்போடு வந்தார். "அத்தனை பாலும் மண்ணுல போச்சு! மணிய அடிச்சது யாரு?"

"நான்தாங்க," என்றாள் இருளாயி.

ஆயா அவளை விலக்கிவிட்டு முன்னால் வந்தார்.

"என்னைய அடி, ராமையா. புள்ளைங்களைப் பாத்துக்கிறது என் வேலை. கையக் கட்டிக்கிட்டு உக்காந்தது நானு."

கங்காணி ஆற்றைப் பார்த்தார். பிள்ளைகளை எண்ணினார். ஏழு. மறுபடியும் எண்ணினார். பிறகு பிரம்பைக் கக்கத்தில் செருகிக்கொண்டு நடந்துவிட்டார்.

அன்று சாயங்காலமும் ஆயா சோற்றைத் தீய்த்துவிட்டார்.

"எல்லாம் தலை..." என்று ஆரம்பித்தவர், இருளாயியைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "கிண்டாம விட்டுட்டேன்டி."

அந்தத் தீய்ந்த சோற்றை இருளாயி இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள்.