கண்ணாடிக்குள் தெரிந்த ஜன்னல்

"வீட்டுக்குள்ள யாரும் விடமாட்டேங்கறாங்கம்மா. வெளிச்சுவரை மட்டும் அடிச்சுட்டுப் போன்னு சொல்றாங்க."

பெயின்டர் இதைச் சொன்னதும் இளம் வக்கீலம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த ரிக்கார்டு அக்கா மட்டும் கோப்பிலிருந்து தலை நிமிரவில்லை. நீதிமன்றப் பதிவறையில் முப்பது வருடம் காகிதங்களோடு குடித்தனம் நடத்தி ஓய்வுபெற்றவர் அவர். முடிச்சு அவிழாத வழக்கென்றால் வக்கீலம்மா அவரைத்தான் கூப்பிடுவாள்.

நடந்தது இதுதான். பெயின்டர் வேலை செய்த வீட்டின் கூடத்தில் ஒரு பழைய சித்திர வேலைப்பாட்டு நிலைக்கண்ணாடி. வேலையின் இரண்டாம் நாள் அதை அவர் திருடிவிட்டார் என்று, வேலையெல்லாம் முடிந்தபிறகு வீட்டுக்காரர் புகார் கொடுத்தார். பாவம், பதினெட்டு நாள் சிறை. பிறகு விடுதலை. நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடும் கெடு இன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது.

"அதான் விடுதலை பண்ணிட்டாங்களே, அது போதாதா?" என்று கேட்டார் பெயின்டர்.

"போதாதுங்க," என்றாள் வக்கீலம்மா. "வீட்டுக்காரர் நிஜமாவே உங்களைச் சந்தேகப்பட்டிருந்தா நமக்கு ஒண்ணும் கிடைக்காது. காரணமே இல்லாம, வேணும்னே மாட்டிவிட்டார்னு காட்டணும். பக்கத்து வீட்டோட அவருக்கு இருந்த எல்லைச்சுவர் வழக்குல உங்க சாட்சியை மாத்தச் சொன்னார், நீங்க மாட்டேன்னீங்க. பகை இருக்கு, சரி. பொய்னு தெரிஞ்சேதான் புகார் கொடுத்தார்ங்கறதுக்கு என்ன ஆதாரம்?"

புகாரோடு இணைத்திருந்த கண்ணாடியின் வண்ணப் படத்தை ரிக்கார்டு அக்கா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"தம்பி, கூடத்து ஜன்னலுக்கு என்னிக்குப் பெயின்ட் அடிச்சீங்க?"

"மூணாம் நாள்க்கா. பிரவுனா இருந்ததைப் பச்சையாக்கச் சொன்னார்."

"வீட்டுக்காரரை வரச் சொல்லும்மா. பேசணும்னு மட்டும் சொல்லு."

நாலு மணிக்கு வந்தார் அவர். "என்னப்பா, என்மேலேயே வழக்குப் போடறியாமே? பெரிய ஆளாயிட்டே!"

பெயின்டர் கைகளைப் பிசைந்தார். ரிக்கார்டு அக்கா படத்தை மேசைமேல் வைத்தார்.

"இது எப்போ எடுத்ததுங்க?"

"கோர்ட்லயே சொன்னேனே! வேலை ஆரம்பிச்சதுக்கு முந்தின நாள்."

"அன்னிக்கு ஜன்னல் என்ன கலர்?"

"பிரவுன். அழுது வடிஞ்சுது. இவன்தான் பச்சையாக்கினான்."

"உங்க புகார்படி ரெண்டாம் நாளே கண்ணாடி போயிடுச்சு. மூணாம் நாள்தான் ஜன்னல் பச்சையாச்சு. அப்போ, காணாமப் போன கண்ணாடி எதிர்ச்சுவத்து ஜன்னலை எப்படிங்க பச்சையாப் பார்த்துச்சு?"

வக்கீலம்மா பாய்ந்து படத்தை எடுத்தாள். கண்ணாடியின் மூலையில், விரல்நகம் அளவுக்கு ஒரு ஜன்னல். பச்சை.

"எல்லாரும் கண்ணாடியோட வேலைப்பாட்டைத்தான் பார்த்தாங்க, உள்ளே யாரும் பார்க்கலை," என்றார் ரிக்கார்டு அக்கா. "பதுக்கி வச்சதைப் படம் பிடிக்கத் திரும்ப மாட்டினீங்க. புகார் எழுதறப்போ அது உங்க வீட்லதான் இருந்துச்சு."

வீட்டுக்காரரின் குரல் இறங்கியது. "சரி, பேசித் தீர்த்துக்கலாம். என்ன வேணும், சொல்லுப்பா."

பெயின்டர் முதல்முறையாக அவரை நேராகப் பார்த்தார்.

"என்னை ஜீப்புல ஏத்துனப்போ தெருவே நின்னு பார்த்துச்சுங்க. நீங்க சொன்னது பொய்னு அந்தத் தெருவே கேக்கணும். அதுக்கு இந்த ரூம் பத்தாது."

பெயின்டர் மனுவில் கையெழுத்திட்டதும் மூவரும் படியிறங்கி ஓடினார்கள். முழங்கால் வலிக்காரியான ரிக்கார்டு அக்காதான் முன்னால். ஐந்தடிக்க இரண்டு நிமிடம் இருக்கையில் மனுவின்மேல் நீதிமன்ற முத்திரை விழுந்தது.