உண்ணிகளுக்கு அடைக்கலம்

சகல ஜனங்களுக்கும் இதனால் அறிவிக்கப்படுவது யாதெனில்: தங்கச்சிமடம் சம்மாட்டி வேதநாயகத்தின் வீட்டு மதிலுக்குள், சாம்பல் புதன் தொடங்கி உயிர்த்த ஞாயிறு விடியும்வரை, எந்த உயிரின் ரத்தமும் சிந்தப்படலாகாது. ஆடு, கோழி, மூட்டைப்பூச்சி, கொசு யாவும் இதில் அடக்கம். மீன்கள் மட்டும் சேரா. அவை கடலில் சாகின்றன. கடல் மதிலுக்கு வெளியே இருக்கிறது.

இந்தப் பிரகடனத்தை வேதநாயகம் கோயில் வாசலில் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஊர் கேட்கச் செய்தார். நாலைந்து வள்ளங்களுக்குச் சொந்தக்காரர். வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போனபோது எடுத்துப்போக மறந்த கம்பீரத்தை அந்தக் கரையில் அவர்தான் எடுத்துவைத்துப் பராமரித்துவந்தார். ஆனால் பிரகடனத்துக்குக் காரணம் இருந்தது. மகள் லீமாரோஸுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. மூன்றாவது தங்கினால் தபசு காலம் முழுக்க வீட்டில் ரத்தம் சிந்தவிடமாட்டேன் என்று அந்தோணியாரிடம் நேர்ந்துகொண்டார். சாம்பல் புதனுக்குச் சற்று முந்தி ஆண் பிள்ளை பிறந்தது; தங்கியது. நேர்ச்சை தவறினால் அதுவும் போய்விடும் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. அவர் மனைவி யாகப்பம்மாளுக்கும் இல்லை. நேர்ந்துகொண்டதன் பெருமை அவருக்கும், பயம் இவளுக்குமாகப் பாகம் பிரிந்திருந்தது.

இடைஞ்சல் நாய் ரூபத்தில் வந்தது. இலங்கையிலிருந்து கப்பலேறி வந்து, சீமைக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரையிடம் வாங்கிய நாய். பேர் கர்னல். உடம்பெல்லாம் சடை. சடைக்குள் உண்ணி.

மத்தியானம்தோறும் யாகப்பம்மாள் பூவரச மரத்தடியில் நாயை மடக்கிப் போட்டுக்கொண்டு, வழுக்காமலிருக்க விரலில் சாம்பலைத் தொட்டு, காது மடலிலும் கால்விரல் இடுக்கிலும் துழாவித் துழாவிப் பிடுங்குவாள். ஊறவைத்த கொண்டைக்கடலைபோல உப்பி, சாம்பல் நிறத்தில், கையில் வெதுவெதுவென்று இருக்கும். மற்ற வருஷங்களில் கொட்டாங்கச்சியில் மண்ணெண்ணெய் ஊற்றி அதில் போட்டு, ஊறியதும் அடுப்பில் கொட்டுவாள். இந்த வருஷம் வேதநாயகம் ஒரு பீங்கான் ஜாடியைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

"எல்லாத்தையும் உசுரோட இதுல போடு."

"ஏங்க, இது உண்ணிங்க."

"உண்ணின்னா உசுரு இல்லையா? ஈஸ்டர் விடியட்டும். நானே நெருப்பு வைக்கிறேன்."

"அப்ப எங்கனயாவது தூரக்க கொண்டுபோயி விட்டுட்டு வாரேன்."

"எவனாவது மிதிப்பான். பாவம் பேரன் தலையில வந்து விழும். விழட்டுமா?"

ஜாடிக்குப் பழைய வேட்டித் துணியால் வேடுகட்டி, அவர் கட்டிலுக்கு அடியில் வைத்தார்கள்.

பக்கத்து வீட்டுச் செபஸ்தியம்மாள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "ஏ மதினி, உங்க வீட்டுல மனுசரைவிட உண்ணிக்குத்தான் மரியாதையாம்ல? எனக்கும் ஒரு ஜாடி பாருங்க, வந்து படுத்துக்கிறேன். அந்தக் குடிகாரன்கிட்ட அடிவாங்க ஏலலை."

யாகப்பம்மாள் சிரித்தாள். அந்தத் தபசில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

சில வாரங்கள் போயிருக்கும். புதிதாகப் பிடுங்கியவற்றைப் போட வேடுகட்டிய துணியைத் தளர்த்தியவள், அடியில் கிடந்தவை சுருங்கித் தோலாகிவிட்டதைப் பார்த்தாள். தானாகச் செத்தால் பாவமில்லையே என்று மனம் லேசானது. பிறகுதான் அந்தத் தோல்களுக்கு நடுவே கசகசாவை அள்ளிக் கொட்டியதுபோல் பழுப்பாக மினுங்கும் குவியல் கண்ணில் பட்டது.

"முட்டை," என்றார் வேதநாயகம், தாமே இட்டதுபோன்ற தோரணையில். "அதுவும் உசுருதான். கட்டு."

அடுத்த வாரம் கர்னல் வீட்டுக்குள் வருவதை நிறுத்திக்கொண்டது. வாசலில் சோறு வைத்துக் கூப்பிட்டாலும் மதிலுக்கு வெளியே மணலில் உட்கார்ந்து, கட்டில் கிடந்த அறை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தது. குடும்பத்தில் புத்தியுள்ளவர் கர்னல் ஒருவர்தான் என்பது அப்போது யாருக்கும் தெரியவில்லை.

அப்புறம் ஒரு சாயங்காலம், தொட்டில் கயிற்றில் ஒரு கொழுத்த உண்ணி இறங்கிக்கொண்டிருந்தது. யாகப்பம்மாள் யோசிக்கவில்லை. தட்டிவிட்டுக் குதிகாலால் தேய்த்தாள். தரையில் சிவப்பாக ஒரு தீற்று.

வேதநாயகம் வாசற்படியில் நின்றிருந்தார்.

நாய்ச் சங்கிலியால் அடித்தார். முதுகில், தொடையில், சதைப்பிடிப்பான இடமாகப் பார்த்து, தோல் கிழியாத அளவுக்கு நிதானமாக அடித்தார். ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. விரதம் கெடவில்லை.

"பிள்ளையக் கொல்லப் பாத்தியேடி," என்று அடித்து முடித்துவிட்டு அழுதார்.

அன்றிலிருந்து ஜாடிக்கு அவரே காவல். பகலிலும் கட்டிலை விட்டு இறங்குவதில்லை. ஜெபமாலையும் கையுமாகக் கிடந்தார். உதடு வெளுத்தது. நகக்கண் மெழுகுபோல் ஆனது. கஞ்சி கொண்டுபோனால் கதவிடுக்கில் வாங்கிக்கொண்டு, "தபசு. உடம்பு ஒடுங்குது, ஆன்மா எழும்புது," என்பார். எழும்புகிற ஆன்மாவுக்கு மூச்சிரைத்தது.

பெரிய வெள்ளிக்கிழமை. கோயில் மணிக்கு நாவைக் கட்டிவிட்டார்கள். மரக்கட்டையைத் தட்டித்தான் ஊரைக் கூப்பிட்டார்கள். பிள்ளை பெற்ற பிறகு முதல் தடவையாக லீமாரோஸ் கோயிலுக்குப் போய்ச் சிலுவையை முத்தி செய்யப் புறப்பட்டாள்.

"பய தூங்குறான், பாத்துக்கம்மா. அய்யாவ எழுப்பி அனுப்பு. சாமியார் தேடுவாரு."

அவள் போன பிறகு தெருவே காலியானது. வெயிலுக்கும் பறக்கிற மணலுக்கும் பயந்து ஜன்னல்களையெல்லாம் சாத்தியிருந்த வீட்டுக்குள், ஓட்டு இடுக்கு வழியாக இறங்கிய வெளிச்சம் கயிறுகயிறாகத் தொங்கிக்கொண்டிருக்க, தொட்டிலை ஒரு கையால் ஆட்டியபடி உட்கார்ந்திருந்த யாகப்பம்மாளுக்கு, கடலில் வெகுநாள் கிடந்த நங்கூரத்தைக் கரையேற்றினால் வருமே, அந்தத் துருவாடை எங்கிருந்தோ வந்தது. அதற்குப் பின்னாலேயே, அடுத்த அறையில் யாரோ சுளகில் அரிசியைப் போட்டு விரலால் மெதுவாக, மிக மெதுவாக அளைந்துகொண்டிருப்பதுபோல ஒரு சத்தம்.

அந்த அறையில் அரிசி கிடையாது.

"ஏங்க?"

சத்தம் நின்றது. பிறகு தொடங்கியது.

எழுந்து போனாள். கதவருகே சுண்ணாம்புச் சுவர் கறுத்திருந்தது. விளக்குக் கரி படிந்திருக்கிறதென்று விரலால் தொட்டுப் பார்த்தாள். கரி விரல்மேல் ஏறியது. மணிக்கட்டுக்கு வந்தது. உதறினாள். மிளகுத்தூள்போல் சிதறி விழுந்து, விழுந்த இடத்திலிருந்து அவளைப் பார்த்தே திரும்பி வந்தது.

கதவைத் தள்ளினாள்.

ஜாடி கட்டிலுக்கு அடியில்தான் இருந்தது. வேடு அவிழவில்லை. நெய்த துணிக்கு இழையிடுக்கு உண்டு என்பது நேர்ச்சையில் வரவில்லை.

வேதநாயகம் கழுத்துவரை போர்த்திக்கொண்டு மல்லாந்து கிடந்தார். இந்தப் புழுக்கத்தில் கம்பளியா என்று கிட்டப் போனாள். கம்பளி சாம்பல் நிறம். பொடிப்பொடியாக மணி கோத்த கம்பளி. அவர் மூச்சு விட்டபோது அது ஏறவில்லை. அவர் மூச்சு விடாதபோது ஏறியது.

கன்னத்தில் கொண்டைக்கடலை. இமையில் கொண்டைக்கடலை. வயிற்றில் இருந்தவை கடலை அல்ல, நாவற்பழம். அதைவிடப் பெரிசு. தோல் நீலமாக விண்ணென்று நின்றது.

கட்டில் காலிலிருந்து ஒரு வரிசை இறங்கியது. அவள் காலடியைக் கடந்தது. அறை வாசற்படியில் ஏறியது. தொட்டில் இருந்த பக்கம்.

யாகப்பம்மாள் அடுப்படிக்கு ஓடி அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"சிந்தக்... கூடாதுடி."

கண் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"பிள்ளை பக்கம் போகுதுங்க!"

"நேந்த... நேர்ச்சை. கொல்லாத."

வரிசையின் தலையில் குழவியைப் போட்டாள். தெறித்தது. அவள் முகத்தில், தாலியில், சுவரில். வெதுவெதுவென்று. இன்னொரு போடு. இன்னொன்று. தரை வழுக்கியது.

கணுக்காலை ஒரு கை பிடித்தது. சாம்பல் நிறக் கை. சொரசொரவென்று, அத்தனை கால்களோடும் பிடித்தது. பிடித்த இடத்திலிருந்து அவை மாறி ஏறின.

கையில் போட்டாள். எலும்பு நொறுங்கியது. விடவில்லை.

"பிள்ளையக் கொல்..." என்று அவர் தொடங்கினார்.

நெஞ்சில் போட்டாள். அவள் உடம்பில் சங்கிலி விழுந்த இடமெல்லாம் எரிந்தது. வயிற்றில் போட்டாள். நாவற்பழங்கள் வெடித்தன. உதடு இன்னும் அசைந்தது. அதன்மேல் ஒன்று உட்கார்ந்திருந்தது.

போட்டாள்.

அசையவில்லை.

இன்னும் போட்டாள். எது உண்ணி, எது அவர் என்று பார்க்கவில்லை. பார்த்தாலும் தெரிந்திருக்காது.

தொட்டிலில் பிள்ளை வீறிட்டது.

குழவி எங்கே விழுந்ததென்று அவளுக்குத் தெரியாது. தொட்டிலை விலக்கிப் பிள்ளையைத் தூக்கினாள். அதன் வெள்ளைச் சட்டை முழுக்க அவள் கை பதிந்தது. கால்விரல் இடுக்கில் பார்த்தாள். அக்குளில் பார்த்தாள். கழுத்து மடிப்பை நீவிப் பார்த்தாள். இல்லை. எதுவும் இல்லை. பிள்ளை இருக்கிறது. தெருவில் மரக்கட்டைச் சத்தம், லீமாரோஸின் செருப்புச் சத்தம், "அம்மா, அய்யா ஏன் வரலை?" என்று வாசலில் குரல்.

காது மடலுக்குப் பின்னால், ஒன்று. மிளகுத்தூளைவிடக் கொஞ்சம் பெரிது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னும் கொஞ்சம் பெரிதானது.

ஈரக்கையால் நகத்தில் இடுக்கி, திருகி, இழுத்தாள். பிள்ளையின் அழுகை நின்றது.

உடம்பு கையோடு வந்தது; தலை உள்ளேயே நின்றுவிட்டது. உண்ணி விஷயத்தில் இது சகஜம்.